அன்புக்கரசிக்குப் போட்ட அம்மை

"ஏம்மா, உனக்கு அம்மை போட்டிருக்குதாமே. இன்னாத்துக்கு வேலைக்கு வந்தே?"

மேஸ்திரி ராஜாங்கம் இப்படிக் கேட்டபோது அன்புக்கரசி ஒரு நெல் மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி கோணியில் குத்தியபடி நின்றுவிட்டது. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் அறுவடைக் காலத்தில் லாரி இரைச்சலும் எடை போடுகிறவர்கள் கூச்சலும் ஓயாது. தப்பாகக் காதில் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

"யாருக்கு?"

"உனக்குத்தாம்மா."

அன்புக்கரசி எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். உமித் தூசியைத் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை. "நல்லா பாருண்ணா. எங்க இருக்குது அம்மை?"

ராஜாங்கம் எட்டி நின்றே பார்த்தார். "எனக்கின்னா தெரியும்? எம் புள்ள குருதான் சொன்னான். ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியுமாம். அதனாலதான் அந்த சிலோன் பொண்ணு உங்க வூட்டுக்கு வராம ஸ்கூல் செக்ரட்டரி வூட்ல தங்கியிருக்குதாம்."

பக்கத்தில் நெல் வாரிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தோடு நகர்ந்து போனார்கள். காலையில் அவள் சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் நம்பலம்மா," என்றார் ராஜாங்கம். "ஆனா நெல்லு சாப்புடற பொருளு. வியாபாரிங்க காதுல உழுந்தா என்னத்தான் கேப்பாங்க. ஒரு வாரம் வூட்ல இரு. அப்புறம் வா."

அன்புக்கரசி ஊசியைப் பிடுங்கி மூட்டையின் மேல் செருகினாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறக்கூடத் தோன்றாமல் வெளியே நடந்தாள்.

அவளுடைய மகள் சுமலதா பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பள்ளியும் யாழ்ப்பாணத்துப் பள்ளி ஒன்றும் சேர்ந்து இந்த வருடம் ஒரு பரிமாற்றப் பயணம் வைத்திருந்தன. முதலில் இங்கிருந்து பிள்ளைகள் போவது, பிறகு அங்கிருந்து வருவது. ஓட்டலில் தங்கக் கூடாது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் வீட்டில் தங்க வேண்டும், அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும், அவர்களோடு பள்ளிக்குப் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு. கட்டுரைப் போட்டியில் முதலாவதாக வந்ததால் சுமலதாவைப் பள்ளியால் ஒதுக்க முடியவில்லை. அவளும் ஆடி மாதம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள்.

கடல் அவளைப் புரட்டி எடுத்துவிட்டது. கரை இறங்கும்போது நிற்க முடியவில்லை. அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப்போனது தர்சிகா என்ற பெண்ணும் அவள் அம்மா வசந்தமலரும். வாந்தி பட்ட துணியை வசந்தமலர்தான் அலசிக் காயப்போட்டாள். தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். அன்று வீடியோவில் அவளைப் பார்த்த அன்புக்கரசி கை கூப்பினாள். "யோசிக்காதைங்கோ அக்கா, இவவும் என்ர பிள்ளைதான்," என்று வசந்தமலர்தான் பேசினாள்.

அதற்குப் பிறகு இரண்டு தாய்களும் வாரம் தவறாமல் பேசினார்கள். தர்சிகா வரப்போகிறாள் என்று தெரிந்ததும் அன்புக்கரசி வீட்டுக்கு வெள்ளையடித்தாள், புது மெத்தை வாங்கினாள். புருஷன் காமராஜ் டைல்ஸ் ஒட்டுகிறவன். கழிவறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டான்.

போன வாரம் தலைமையாசிரியை கலைவாணி அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? அந்தப் பொண்ணு செக்ரட்டரி சார் வீட்லயே தங்கட்டும். மாடி ரூம் சும்மாதான் கிடக்குது."

"சிரமம் ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் ரெடி பண்ணிட்டோம்."

"பாதுகாப்பு அது இதுன்னு இருக்கும்மா. முடிவு பண்ணியாச்சு."

அன்புக்கரசிக்குப் புரிந்தது. ராஜாங்கத்தின் வீடு ஷீட் போட்ட வீடு, குளியலறை வெளியே. அங்கே குருவோடு ஒரு பையன் தங்கத்தான் போகிறான். அந்த வீடு ஊரில் இருந்தது. அவளுடைய வீடு காலனியில் இருந்தது. மகள் அடுத்த வருடம் இதே பள்ளியில் பன்னிரண்டாவது எழுத வேண்டும். அதை நினைத்து, ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தாள். தர்சிகாவை வைத்துக்கொள்வது சிரமம் என்று வசந்தமலரிடம் சொல்ல வாய் வராமல், இந்த ஒரு வாரமாக அவளுடைய போனைக்கூட எடுக்கவில்லை.

பெண்ணை வீட்டுக்கு அனுப்பாவிட்டால் போகட்டும். ஆனால் சீக்கு என்று சொன்னார்களா? நன்றாக இருக்கிற மனுஷியைச் சீக்குக்காரி என்று ஊரெல்லாம் சொன்னார்களா? வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். இன்றைக்குப் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று சுமலதா காலையில் சொல்லியிருந்தாள். ஆட்டோக்காரனிடம் "கோட்டைக்கு வுடு" என்றாள்.

ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு முன்னால் இருந்த புல்தரையில் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். பள்ளிச் செயலாளர் ராமகிருஷ்ணன் சட்டையில் மைக் மாட்டிக்கொண்டு தேசிங்கு ராஜாவின் வீரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் கழுத்துப்பட்டியுமாக வெயிலில் கண்ணைச் சுருக்கி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்த ஆசிரியை சிவகௌரி குடை பிடித்திருந்தாள்.

தர்சிகாதான் முதலில் பார்த்தாள்.

"அன்ரி!" என்று கத்திக்கொண்டு கூட்டத்திலிருந்து ஓடி வந்தாள். "நடமாடுறியள்! சுகமாயிட்டுதோ?"

கலைவாணி எட்டி அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். "கிட்டப் போகாதம்மா, ஒட்டிக்கும்."

அன்புக்கரசிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"மேடம், அவ கைய வுடுங்க."

"அன்புக்கரசி, நீங்க எதுக்கு இங்க..."

"கைய வுடுங்கன்றேன்!" அந்தச் சத்தத்தில் மண்டபத்து மேலிருந்த குரங்குகள் சிதறி ஓடின. கலைவாணி கையை விட்டாள். "எங்க இருக்குது அம்மை? காட்டுங்க. மூஞ்சில இருக்குதா? கழுத்துல இருக்குதா?" ரவிக்கைக் கையை மேலே இழுத்துவிட்டாள். "இங்க இருக்குதா? நீங்க எப்ப வந்து பாத்தீங்க? எங்க தெருவுல உங்க காலு பட்டிருக்குதா, எனக்கு அம்மை போட்டதப் பாக்கறதுக்கு?"

ராமகிருஷ்ணன் மைக்கை அணைத்துவிட்டு வேகமாக வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, வெளிநாட்டுக்காரங்க முன்னாடி இன்னா இது? நாளைக்கு ஆபீஸுக்கு வா. பேசிக்கலாம்."

"பொய்ய ஊருக்கே சொல்லுவீங்க, நெசத்த மட்டும் ஆபீஸ்ல வந்து சொல்லணுமா? கமிட்டில வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க என்ன. நெல்லுல கைய வெக்காதன்றாங்க."

"உன் நல்லதுக்குத்தாம்மா அப்படிச் சொன்னது. வேற காரணம் சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம்."

"இன்னா காரணம்? சொல்லுங்க."

அவர் கலைவாணியைப் பார்த்தார். கலைவாணி புல்தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க சார். எல்லாரும் கேக்கட்டும். காலனி வூடுன்னு சொல்றதுக்கு வாய் வரல, அதுக்காவ எனக்கு அம்மை வந்துடுச்சா? உங்க வூட்டு பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டுனது எம் புருஷன். ஒரு மாசம் உள்ள வந்து போனாரே, அப்பல்லாம் ஒட்டிக்காதது இப்ப ஒட்டிக்குமா?"

சுற்றுலா வந்த யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அதைப் பார்த்ததும் ராமகிருஷ்ணனின் பேச்சு மாறியது.

"சரிம்மா, சரி. இப்ப இன்னா உனக்கு? அந்தப் பொண்ண மத்தியானம் ஒரு மணி நேரம் கூட்டிட்டுப் போ. நாலு போட்டோ எடுத்துக்க. கார்லயே அனுப்பி வெக்கிறேன்."

"போட்டோ எடுக்கறதுக்கா கூப்புட்டேன்? எம் பொண்ணு அவங்க வூட்ல போட்டோவா எடுத்துக்கினு வந்தா? வாந்தி எடுத்தா சார். அந்தப் புள்ளயோட அம்மா அத வாரிக் கொட்டுனா."

அப்போதுதான் மகள் கண்ணில் பட்டாள். தோழிகளுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றிருந்தாள்.

"சுமலதா, இங்க வா. உனக்குத் தெரியுமா இது?"

சுமலதா நகரவில்லை. "தெரியும்."

"எப்பத்திலேருந்து?"

"அவங்க வந்து எறங்குன அன்னிக்கி. அம்மாவுக்கு எப்படி இருக்குதுன்னு தர்சிகா கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. மேடம் பின்னால நின்னு எந் தோளப் புடிச்சி அழுத்துனாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. தலைய ஆட்டுனேன்."

அன்புக்கரசியின் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. ஓங்கிய கையால் தன் தலையிலிருந்த துண்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். "உன்னப் பெத்தவள சீக்குக்காரின்னு சொல்றாங்க, நீ தலைய ஆட்டுனியா? ஆட்டிட்டு வந்து எங் கையால சோறு தின்னியே!"

"பிராக்டிகல் மார்க்கு அவங்க கையிலதானம்மா இருக்குது," என்று சொல்லிவிட்டு சுமலதா அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை அன்புக்கரசியின் கோபத்தைத் தணிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் மகளை விட்டுவிட்டு மறுபடி அந்த இருவர் பக்கம் திரும்பியது. பிள்ளையின் வாயையும் அடைத்திருக்கிறார்களே.

தர்சிகா தன் ஆசிரியையிடம் போய் நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"ரீச்சர், எங்களுக்குப் பொய் சொல்லியிருக்கினம். நான் அன்ரி வீட்டதான் நிக்கப்போறன்."

சிவகௌரி தயங்கினாள். "பிள்ளை, நாங்கள் விருந்தாளியா வந்தனாங்கள். இது அவையின்ர ஊர்ப் பிரச்சினை. இதுக்குள்ள நாங்கள் தலையிடேலாது."

"அப்ப அம்மாவோட கதையுங்கோ. அம்மா ஓம் எண்டால் விடுவியள்தானே?"

சிவகௌரி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். போனை எடுத்து வசந்தமலரைக் கூப்பிட்டாள். இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

"என்ன ரீச்சர் சொல்லுறியள்? அம்மாள் வருத்தமே இல்லையோ? அக்கா போன் எடுக்கேல்லை எண்டு நான் இஞ்சை பயந்துபோய் இருக்கிறன். அவவுக்குச் சுகம் வரோணும் எண்டு அம்மன் கோயில்ல நேர்த்தி வச்சு, நாலு நாளா ஒருநேரச் சாப்பாடு! போனை அவவிட்டக் குடுங்கோ."

போன் அன்புக்கரசியின் கைக்கு வந்தது. அவள் அதை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "நல்லாத்தான் இருக்கேன். எங்க தெருவுக்கு உம் பொண்ண அனுப்பக் கூடாதுன்னு இவங்க கட்டுன கதை."

 பிறகு வசந்தமலர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ரீச்சரிட்டச் சொல்லுங்கோ அக்கா. என்ர பிள்ளை உங்கட வீட்டில நிக்கோணும். இல்லையெண்டால் இண்டைக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கோ. பொய் சொன்ன மனுசரின்ர வீட்டில ஒரு வாய்த் தண்ணியும் குடிக்க வேண்டாம்."

சிவகௌரி குடையை மடக்கினாள். "தாய் சொல்லிப்போட்டா. இனி நான் மறிக்கேலாது," என்றாள் ராமகிருஷ்ணனிடம்.

"அப்ப பாதுகாப்புக்கு நாங்க பொறுப்பில்ல," என்றார் அவர்.

"எப்ப பொறுப்பா இருந்தீங்க, இப்ப இல்லாம போறதுக்கு?" என்று கேட்டுவிட்டு அன்புக்கரசி தர்சிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செயலாளர் வீட்டுக்குப் போனபோது தர்சிகாவின் பை ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே, தெருவில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு செருப்பு மட்டும் குறைந்தது. கூப்பிட்டும் யாரும் வெளியே வரவில்லை. அன்புக்கரசி கேட்டை ஓங்கித் தட்டினாள். மாடி ஜன்னலில் திரை அசைந்தது. செருப்பு அங்கிருந்து கீழே வந்து விழுந்தது.

சாயந்திரம் காமராஜ் வேலை முடித்து வந்தபோது ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. வண்டியை நிறுத்தும்போதே கத்தினான்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்கே? நாளைக்கு டி.சி. குடுத்து அனுப்புனா எங்க கொண்டுபோய்ச் சேப்பே? செக்ரட்டரி சொல்லித்தான் எனக்கு மூணு வூட்டு வேல வந்துது."

"மூணு வூட்டு வேலைக்கு உம் பொண்டாட்டி அம்மை போட்டுக்கணுமா?"

"ரெண்டு நாளு. ரெண்டே நாளு வாய மூடியிருந்தா அதுங்க கப்பல் ஏறிப் போயிருக்கும்."

"அதுங்க போயிருக்கும். நானு? நாளைக்கு எந்த நெல்லுல கைய வெப்பேன்?"

வாசற்படியில் தர்சிகா நிற்பதை அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். காமராஜ் சட்டென்று அடங்கினான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டான். அவள் இல்லை என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மீன் வாங்கி வந்தான்.

சாப்பிடும்போது தர்சிகா சொன்னாள். "அங்கிள், எங்கட ஊரிலயும் இது இருக்குது. சுமலதா வந்து நிண்டபோது பெரியப்பா வந்து, 'இந்தப் பிள்ளை ஆர் ஆக்கள்' எண்டு கேட்டவர். அம்மா அவரை வெளிய போகச் சொன்னவ. இப்பவும் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை."

சுமலதா நிமிர்ந்தாள். "எங்கிட்ட நீ சொல்லவே இல்ல."

"எப்பிடிச் சொல்லுறது?"

அன்புக்கரசி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கடலைத் தாண்டிப் போன இடத்திலும் தன் மகளைப் பார்த்து ஒருவன் அதைக் கேட்டிருக்கிறான். அந்தப் பெரியப்பாவின் மேலும் கோபம் வந்தது. அவனை வெளியே போகச் சொன்னவளை நினைத்தபோது, இன்னும் கொஞ்சம் மீன் எடுத்து அவள் மகளின் தட்டில் வைத்தாள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் புறப்பட்டுப் போன மறுநாள் கலைவாணி வந்தாள். காலனிக்குள் அவள் ஸ்கூட்டர் வந்தது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க மேடம்."

"இருக்கட்டும்மா, நேரமாச்சு. நடந்தது நடந்துடுச்சு. இதப் பெருசு பண்ணாதீங்க. அடுத்த வருஷம் சுமலதாவுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் நானே பாத்துக்கிறேன்."

"எம் பொண்ணு நல்லாதான் படிக்கிறா. எனக்கு ஒண்ணு பண்ணுங்க. பிரேயர்ல எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. எனக்கு அம்மை போடல, நாங்கதான் பொய் சொன்னோம், இந்தக் காரணத்துக்காகச் சொன்னோம்னு."

"அது என் கையில இல்லம்மா. செக்ரட்டரி சொல்றதத்தான் நான்..."

"பொய் சொல்றது மட்டும் உங்க கையில இருந்துதா?" அன்புக்கரசி வாசலை விட்டு விலகி வழி விட்டாள். "உள்ள வந்து உக்காந்து பேசறதா இருந்தா பேசுங்க. வெளிய நின்னுக்கினு பேசறதா இருந்தா கெளம்புங்க."

கலைவாணி அவளைப் பார்த்தாள், வீட்டுக்குள்ளே பார்த்தாள். பிறகு ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

ஆனால் வசந்தமலர் சும்மா இருக்கவில்லை. அங்கே மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குப் போய்க் கேட்டாள். பொய்யைத் திருத்தாவிட்டால் இனிப் பிள்ளைகளை அனுப்ப முடியாது என்று யாழ்ப்பாணத்துப் பள்ளி சொல்லிவிட்டது. பரிமாற்றப் பயணத்தை வைத்து நோட்டீஸ் அடித்து அடுத்த வருட அட்மிஷனுக்குத் தயாராக இருந்த ராமகிருஷ்ணனுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் சுமலதா வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அன்புக்கரசி கமிட்டியிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிரேயர்ல சொன்னாங்கம்மா."

"இன்னா சொன்னாங்க?"

"மேடம் மைக்ல சொன்னாங்க. 'பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாயார் உடல்நிலை குறித்துத் தவறான தகவல் பரவிவிட்டது. வருந்துகிறோம்.' அவ்வளவுதான்."

அன்புக்கரசி சொம்பைத் தரையில் அடித்து வைத்தாள். தண்ணீர் தெறித்தது. "பரவிடுச்சா? தானாப் பரவுறதுக்கு அது இன்னா காத்தா?"

"நானும் அதத்தாம்மா கேட்டேன்."

"யார?"

"மேடத்த. லைன்ல நின்னுக்கினே கேட்டேன். 'பரப்புனது யாரு மேடம்?'னு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவங்க காதுல உழாத மாதிரி தேசிய கீதம் பாடச் சொன்னாங்க. அது முடிஞ்சதும் திரும்பக் கேட்டேன். 'ஏன் அப்படிச் சொன்னீங்க?'னு."

உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்த காமராஜ் அதை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றான்.

"அப்புறம்?" என்றாள் அன்புக்கரசி.

"சாயந்திரம் வரைக்கும் ஆபீஸுக்கு வெளிய நிக்க வெச்சாங்க. மன்னிப்புக் கேட்டாதான் கிளாஸுக்குள்ள வுடுவாங்களாம். நைனாவோட வரச் சொன்னாங்க."

"நீ கேட்டியா மன்னிப்பு?"

"இல்ல."

அன்புக்கரசி புருஷனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொன்னால் பதிலுக்குக் கத்தத் தயாராக இருந்தாள். அவன் மகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பகல் முழுக்க நின்று கணுக்கால் வீங்கியிருந்தது.

"நாளைக்கி வேலைக்குப் போவல," என்றான் காமராஜ். "எத்தினி மணிக்கு வரணுமாம்?"

"பிரேயருக்கு முன்னால."

"வேணாம். பிரேயர் நடக்கும்போதே போலாம்," என்றான். "கூட்டம் இருக்கட்டும்."